ஆயுள் அட்டவணை

ஆயுள் அட்டவணை என்பது ஒரே காலத்தில் பிறந்ததாகக் கொள்ளப்படும் ஒரு கூட்டத்தாரில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை பேர் எஞ்சுவார்கள் என்று காட்டும் பட்டியல். வாழ்க்கை அட்டவணை என்றும் சொல்வதுண்டு. காப்பீட்டுத் தவணை, ஓய்வூதிய நிதி, நாட்டின் சராசரி ஆயுள், ஒரு சிகிச்சையின் பலன் ஆகியவற்றைக் கணிக்க இதுவே அடிப்படை. 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் தோன்றியது. சூதாட்டக் கணக்குகளிலிருந்து வளர்ந்த நிகழ்தகவு விதிகள், மக்களின் வாழ்வு சாவுக் கணக்குக்கு வந்து சேர்ந்த முதல் இடங்களில் இது ஒன்று. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண் தொடக்கத்திலிருந்தே கைக்குக் கிடைத்தது. எத்தனை பேரில் இறந்தார்கள் என்ற எண்ணைத் தேடியதுதான் இதன் வரலாற்றில் பெரும்பகுதி.

கணக்கின் அடிப்படை

அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஒரு சார்புநிலை நிகழ்தகவு. 40 வயதை எட்டிய ஒருவர் 41 வயதைக் காணாமல் இறக்கும் வாய்ப்பு என்ன என்றுதான் அது கேட்கிறது. அதற்கு முன்பே இறந்தவர்கள் அந்த வரியின் கணக்கில் வருவதில்லை. இறக்கும் வாய்ப்பை ஒன்றிலிருந்து கழித்தால் பிழைக்கும் வாய்ப்பு வரும். ஒவ்வோர் ஆண்டின் பிழைக்கும் வாய்ப்பையும் வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால், பிறந்த குழந்தை 60 வயதை எட்டும் வாய்ப்பு கிடைத்துவிடும். கழித்தலும் பெருக்கலும் தவிர இதில் வேறு கணிதம் அதிகமில்லை. ஒவ்வொரு வயதிலும் இறக்கும் வாய்ப்பை உண்மையான மக்களிடமிருந்து பெறுவதே கடினம்.

லண்டன் இறப்புப் பட்டியல்கள்

கொள்ளைநோய் பரவுகிறதா என்று அறிய, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து லண்டன் நகரத் திருச்சபைப் பங்குகள் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் வெளியிட்டு வந்தன. ஜவுளி வணிகரான ஜான் கிரான்ட் (1620–1674) அவற்றைத் திரட்டி ஆராய்ந்து 1662இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிறக்கின்றன என்பதை எண்களால் காட்டியவர் அவர். அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

பட்டியலில் இறப்புக்கான காரணம் இருந்தது. இறந்தவரின் வயது இல்லை. கிரான்ட் அதற்கு ஒரு வழி கண்டார். 20 ஆண்டுகளில் பதிவான 2,29,250 இறப்புகளில் வாய்ப்புண், வலிப்பு, பல் முளைத்தல், குடற்புழு முதலிய குழந்தைப் பருவக் காரணங்களால் இறந்தவர்களைத் தனியே எடுத்தார். அவர்கள் 71,124 பேர், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரியம்மை, தட்டம்மை போன்றவற்றால் இறந்தவர்களில் பாதிப் பேரையும் குழந்தைகள் என்று கொண்டார். இதிலிருந்து, 100 பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறப்பார்கள் என்று முடிவு செய்தார். அதற்குமேல் ஊகந்தான்: 16 வயதில் 40 பேர், 26இல் 25, 36இல் 16, 46இல் 10, 56இல் 6, 66இல் 3, 76இல் ஒருவர் எஞ்சுவதாக எழுதினார். அட்டவணை என்னும் வடிவம் இவ்வாறு பிறந்தது. உள்ளே இருந்த எண்களில் பல கணக்கெடுத்து வந்தவை அல்ல.

சராசரியும் நடுவயதும்

நிகழ்தகவு பற்றி 1657இல் நூல் வெளியிட்டிருந்த டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸும் அவர் தம்பி லோடவைக்கும் 1669இல் கிரான்ட்டின் பட்டியலைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். லோடவைக் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இறந்தவர்கள் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி நூறால் வகுத்தார். சராசரி ஆயுள் 18 ஆண்டுக்குச் சற்று மேல் வந்தது. கிறிஸ்டியான் வேறொரு கேள்வி கேட்டார்: பிறந்தவர்களில் பாதிப் பேர் எந்த வயதுக்குள் இறந்திருப்பார்கள்? அதே பட்டியலில் அதற்கு விடை 12 வயதுக்கும் குறைவு. காப்பீடு போன்ற பணக் கணக்குக்குச் சராசரி பொருந்தும். ஒருவர் இந்த வயதைத் தாண்டுவார் என்று பந்தயம் கட்டுவதற்கு நடுவயது பொருந்தும் என்ற வேறுபாடு அப்போதே தெளிவாயிற்று.

இதிலிருந்து வேறோர் உண்மையும் தெரியும். சராசரி ஆயுள் 18 என்றால் மக்கள் 18 வயதில் இறந்தார்கள் என்று பொருளல்ல. குழந்தைச் சாவுகள் சராசரியைக் கீழே இழுத்துவிடும்; குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்கள் அதற்கு மேல் பல ஆண்டுகள் வாழ்வது இயல்பு.

பிரெஸ்லாவ் அட்டவணை

வால்வெள்ளியால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி 1693இல் வெளியிட்ட அட்டவணை, வயதுவாரியான உண்மைப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது. பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃப்) காஸ்பர் நாய்மான் என்னும் போதகர் திரட்டிய 1687–1691 ஆண்டுகளின் பிறப்பு இறப்புப் பதிவுகள் ராயல் சொசைட்டிக்கு வந்து சேர்ந்தன. லண்டனைப்போல் வெளியூர்க்காரர்கள் வந்து குவியாத நகரம் அது. ஆண்டுக்குச் சராசரியாக 1,238 பிறப்பு, 1,174 இறப்பு. வரவும் போக்கும் ஏறக்குறைய ஈடாக இருந்ததால், மக்கள்தொகைக் கணக்கு இல்லாமலே, இறப்புகளிலிருந்து ஒவ்வொரு வயதிலும் உள்ளவர்களின் எண்ணிக்கையை ஹாலி பின்னோக்கிக் கணக்கிட்டார். நகரின் மக்கள்தொகை 34,000 என்று வந்தது.

அட்டவணையில் முதல் வயதுக்கு நேரே 1,000 பேர். 30க்கு 531, 40க்கு 445, 47க்கு 377, 50க்கு 346, 60க்கு 242. 40 வயதுக்காரர் இன்னும் ஏழாண்டு வாழ்வாரா? 445 பேரில் 377 பேர் எஞ்சுகிறார்கள், 68 பேர் இறக்கிறார்கள். ஆகவே வாழ்வதற்கே ஐந்தரைக்கு ஒன்று என்ற சாதகம் என்று ஹாலி எழுதினார். 1,000 பேரில் 60ஐ எட்டுவோர் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் 40ஐ எட்டியவர்களில் 54 விழுக்காட்டினர் 60ஐயும் எட்டுகிறார்கள். எந்த வயதில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஹாலியின் நோக்கம் அரசின் நிதி. ஒருவர் மொத்தமாக ஒரு தொகை கட்டினால் அவர் சாகும்வரை ஆண்டுதோறும் பணம் தரும் ஆயுள் ஆண்டுத்தொகைகளை அன்றைய அரசுகள் விற்றுக் கடன் திரட்டின. இங்கிலாந்தில் சிறுவனுக்கும் கிழவருக்கும் ஒரே விலைதான். ஹாலந்தில் யான் டி விட் 1671இலேயே இந்த விலையை நிகழ்தகவு கொண்டு ஆராய்ந்திருந்தார். வயதுக்கேற்ப விலை மாற வேண்டும் என்பதை ஹாலி பட்டியலிட்டே காட்டினார்.

இருவர் ஆயுளைச் சேர்த்துக் கணக்கிடும் முறையும் அவர் கட்டுரையில் உண்டு. அவர் எண்களையே கொண்டு, 40 வயதுக் கணவனும் 30 வயது மனைவியும் பத்தாண்டு வாழும் வாய்ப்பைப் பார்க்கலாம். கணவனுக்கு 346/445, அதாவது 0.78, மனைவிக்கு 445/531, அதாவது 0.84. இருவரும் இருக்கும் வாய்ப்பு இவற்றின் பெருக்கல், 0.65. இருவருமே இல்லாமற்போகும் வாய்ப்பு 0.22ஐ 0.16ஆல் பெருக்க வருவது, சுமார் 0.04, ஆகவே ஒருவராவது இருக்கும் வாய்ப்பு 0.96. ஒருவர் சாவு மற்றவர் சாவைப் பாதிக்காது என்று கொண்டால்தான் இப்படிப் பெருக்கலாம். சார்பிலா நிகழ்ச்சிகளுக்கான இந்தப் பெருக்கல் விதியைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர் கணிதவியலாளர் டி மாய்வர். அவருடைய நிகழ்தகவு நூல் 1718இல் வெளிவந்தது. ஒரே வீட்டில் ஒரே தொற்றுக்கு ஆளாகும் தம்பதியருக்கு இந்த விதி முழுமையாகப் பொருந்தாது.

பெரியம்மைக் கணக்கு

அட்டவணையை மருத்துவக் கேள்விக்குப் பயன்படுத்திய முன்னோடி டேனியல் பெர்னோலி. நோயாளியின் அம்மைக் கொப்புளச் சீழை நலமுள்ளவருக்கு ஏற்றும் வழக்கம் அப்போது ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. அதிலேயே சிலர் இறந்ததால் எதிர்ப்பும் இருந்தது. 1760இல் பெர்னோலி ஹாலியின் அட்டவணையை எடுத்துக்கொண்டு, பெரியம்மை காணாதவர்களில் ஆண்டுக்கு எட்டில் ஒருவருக்கு நோய் வரும், வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறப்பார் என்று கொண்டார். ஒவ்வொரு வயதிலும் பெரியம்மைச் சாவை மட்டும் பிரித்து நீக்கிக் கணக்கிட்டதில், சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயர்ந்தது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் டாலம்பேர் இதை மறுத்தார். என்றோ வரப்போகும் மூன்றாண்டு ஆதாயத்தையும், இந்த மாதமே சாகக்கூடிய அபாயத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது அவர் வாதம். சராசரி எல்லார்க்கும் நன்மை காட்டினாலும் தனி மனிதனின் முடிவு வேறாக இருக்கலாம் என்ற இந்த வழக்கு, தடுப்பூசி விவாதங்களில் இன்றும் எழுகிறது.

நார்தாம்டன் பிழை

1762இல் லண்டனில் தொடங்கிய ஈக்விட்டபிள் சங்கம் வயதுக்கேற்ற தவணையில் ஆயுள் காப்பீடு வழங்கியது. அதற்கு ஆலோசகராயிருந்தவர் ரிச்சர்ட் பிரைஸ். தாமஸ் பேய்ஸின் புகழ்பெற்ற கட்டுரையை அவர் இறந்தபின் 1763இல் வெளிக்கொணர்ந்தவரும் இவரே. நார்தாம்டன் ஊரின் ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளைக் கொண்டு பிரைஸ் ஓர் அட்டவணை செய்தார். அவ்வூரில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்யாத பிரிவினர் கணிசமாக இருந்தனர். அவர்களின் பிறப்பு ஏட்டில் ஏறவில்லை, இறப்பு ஏறியது. பிறப்பு குறைவாகத் தோன்றியதால் சாவு வாய்ப்பு மிகைப்பட்டது.

இந்த ஒரே பிழை ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நட்டமும் தந்தது. காப்பீட்டுச் சங்கத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவான இழப்பீடு, பணம் பெருகியது. 1808 முதல் அதே அட்டவணையை நம்பி ஆண்டுத்தொகை விற்ற பிரிட்டிஷ் அரசோ, வாங்கியவர்கள் கணக்கைத் தாண்டி வாழ்ந்ததால் ஆண்டுதோறும் நட்டப்பட்டது. ஜான் ஃபின்லேசனின் ஆய்வுக்குப் பின்னரே அது திருத்தப்பட்டது.

கணக்கெடுப்பின் வருகை

1749இல் ஸ்வீடன் நாடு முழுதும் மக்கள்தொகையை வயதுவாரியாகப் பதிவு செய்யத் தொடங்கியது. பெர் வார்கென்டின் 1766இல் இறப்புகளை உயிரோடிருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஆண், பெண் இருபாலார்க்கும் தனித்தனி இறப்பு வீதம் தந்தார். மக்கள்தொகை நிலையாக இருக்கிறது என்ற ஊகம் இனித் தேவைப்படவில்லை. 1815இல் ஜோஷுவா மில்னின் கார்லைல் நகர அட்டவணையும் இவ்வழியே வந்தது. இங்கிலாந்தில் குடிமைப் பதிவு 1837இல் தொடங்கியபின், வில்லியம் ஃபார் 1843இல் நாடு தழுவிய முதல் ஆங்கில ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். வளர்ந்தவர்களின் சாவு வாய்ப்பு வயதோடு பெருக்குத் தொடராக ஏறுகிறது என்று பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் 1825இல் கண்டது, பட்டியலுக்குச் சூத்திர வடிவம் தந்தது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் 1881 கணக்கெடுப்பை ஒட்டி ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பாளர்) ஜி. எஃப். ஹார்டி அட்டவணை தயாரித்தார். இரண்டு தடைகள் இருந்தன. இறப்புப் பதிவு அரைகுறை. வயதும் சரியாகத் தெரியாது. கேட்டால் 30, 35, 40 என்று முழு எண்ணாகச் சொல்வதால் அந்த வயதுகளில் மட்டும் கூட்டம் குவிந்தது. பின்னாளில் இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும் முறை கைகொடுத்தது: முந்தைய கணக்கில் 20–29 வயதினரும் பத்தாண்டு கழித்து 30–39 வயதினரும் எத்தனை பேர் என்று பார்த்தால், இறப்புப் பதிவே இல்லாமல் பிழைக்கும் விகிதம் வந்துவிடும். 1918 விஷக்காய்ச்சல் அடங்கிய 1911–21 பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 20 ஆண்டு அளவுக்கு வீழ்ந்தது.

விடுபட்ட இறப்புகளையும் பிறப்புகளையும் மதிப்பிட சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் ஒரு வழி தந்தனர். கல்கத்தாவை அடுத்த சிங்கூர் சுகாதார மையத்தின் பதிவுகளில் அதைச் சோதித்திருந்தனர். ஓர் ஊரில் பதிவாளர் ஒரு பட்டியலும், வீடுவீடாகச் செல்பவர் ஒரு பட்டியலும் தனித்தனியே எடுக்கிறார்கள் என்று கொள்வோம். இரண்டிலும் உள்ள பெயர்கள் 72. முதலாவதில் மட்டும் 18. இரண்டாவதில் மட்டும் 8. இரு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டிலும் விடுபட்டவை 18ஐ 8ஆல் பெருக்கி 72ஆல் வகுத்தது, அதாவது 2. ஆக மொத்தம் 100. எந்த ஏட்டிலும் இல்லாதவர்களைப் பெருக்கல் விதி எண்ணித் தருகிறது.

1969–70இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த மாதிரிப் பதிவுத் திட்டமும் இரட்டைப் பதிவு முறையையே கொண்டது. உள்ளூர்ப் பதிவாளர் தொடர்ந்து எழுதுவதையும், மேற்பார்வையாளர் ஆறு மாதத்துக்கொரு முறை எடுப்பதையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள். இதன் அடிப்படையிலான 2016–20 அட்டவணை இந்தியரின் சராசரி ஆயுளை 70 என்று காட்டுகிறது.

இலங்கையில் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்து அடுத்த ஆண்டே 14 அளவுக்கு இறங்கியது. மலேரியாவுக்கு எதிரான டி.டி.டி. பூச்சிக்கொல்லித் தெளிப்பும் அதே காலத்தில் நடந்ததால் பலரும் அதையே காரணமாகச் சொன்னார்கள். மலேரியா அதிகமில்லாத மாவட்டங்களிலும் சாவு குறைந்ததைக் காட்டி, உணவும் மருத்துவ வசதியும் மேம்பட்டதே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. சாவு குறைந்ததை அட்டவணை உறுதியாகச் சொல்லும். ஏன் குறைந்தது என்பதை அது மட்டும் சொல்லாது.

மருத்துவ ஆய்வில்

எட்வர்ட் கப்லானும் பால் மெய்யரும் 1958இல் வெளியிட்ட முறை, ஆயுள் அட்டவணையைச் சிகிச்சை ஆய்வுக்குள் கொண்டுவந்தது. பத்து நோயாளிகளில் மூன்றாம் மாதம் ஒருவர் இறக்கிறார். பிறகு இருவர் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். எட்டாம் மாதம் எஞ்சிய ஏழு பேரில் ஒருவர் இறக்கிறார். போனவர்களை உயிரோடிருப்பதாகக் கொண்டால் பிழைத்தோர் 80 விழுக்காடு. அடியோடு நீக்கினால் 75. கப்லான்–மெய்யர் முறையில் 9/10ஐ 6/7ஆல் பெருக்க 77 விழுக்காடு வருகிறது. விலகியவர்கள், கண்காணிப்பில் இருந்த காலம் வரை மட்டும் கணக்கில் இருக்கிறார்கள்.

வரம்புகள்

ஒரே ஆண்டின் இறப்பு வீதங்களை எல்லா வயதுக்கும் அடுக்கிச் செய்வதே வழக்கமான அட்டவணை. உண்மையில் எந்தத் தலைமுறையும் அந்த ஒரே ஆண்டின் நிலைமைகளில் வாழ்ந்து முடிப்பதில்லை. கொரோனாவால் அமெரிக்காவின் சராசரி ஆயுள் 2019இல் 78.8ஆக இருந்து 2020இல் 77.0ஆகச் சரிந்தபோது, அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளின் வாழ்நாள் சுருங்கிவிட்டது என்று பொருளல்ல. அந்த ஆண்டுச் சாவு வீதம் என்றென்றும் நீடித்தால்தான் அப்படி ஆகும். காப்பீடு எடுத்தவர்களின் அட்டவணையும் பொதுமக்கள் அட்டவணைக்கு ஈடாகாது. மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்களே காப்பீட்டுக் கணக்கில் இருக்கிறார்கள். ஆகவே காப்பீட்டு நிறுவனங்கள் தங்களிடம் பதிந்தவர்களைக் கொண்டே தனி அட்டவணை தயாரித்து, அவ்வப்போது புதுப்பிக்கின்றன.