அவசரநிலை மேலாண்மை: நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்புப் பயிற்சி

பேருந்து விபத்து, தீ விபத்து, வாயுக் கசிவு, வெள்ளம் போன்றவை ஒரே நேரத்தில் பலரைப் பாதிக்கின்றன. பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை, ஒரு மருத்துவமனை வழக்கமாகக் கையாளும் அளவை மீறும்போது அது பெருந்திரள் பாதிப்பு நிகழ்வு எனப்படுகிறது. இதற்குப் பொதுவான எண்ணிக்கை எதுவும் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எளிதில் ஏற்கக்கூடிய பத்துப் பேர், இரவுப் பணியில் ஒரே மருத்துவர் உள்ள வட்ட மருத்துவமனைக்குப் பெருந்திரளே ஆவர்.

இத்தகைய வேளையில் உயிரிழப்பு காயத்தின் கடுமையால் மட்டும் நேர்வதில்லை. யார் முடிவெடுப்பது, யாருக்குத் தெரிவிப்பது, யாரை முதலில் கவனிப்பது என்ற தெளிவு இல்லாமையாலும் நேர்கிறது. இத்தெளிவைப் பயிற்சியின் மூலம் பெற இயலும். மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை, திருமண மண்டபம் என மக்கள் கூடும் எந்த நிறுவனத்தை நடத்துவோருக்கும் இது பொருந்தும்.

பயிற்சி ஏன் தேவை?

2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலோர மாவட்டங்களைத் தாக்கியது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் தோன்றிய தீயின் புகை மேல்தளங்களுக்குப் பரவி, ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் படுக்கையிலிருந்து எழ இயலாத நோயாளிகள். உதவி அளிக்க வேண்டிய நிறுவனமே பாதிப்புக்கு உள்ளாகக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. அதன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்கு மாவட்ட ஆட்சியர் தலைவராவார். நிகழ்வுகளை எதிர்கொள்ளும் அமைப்புமுறை குறித்த வழிகாட்டு நெறிமுறைகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்டது. தங்கள் நிறுவனத்தின் திட்டம் இந்த மாவட்ட ஏற்பாட்டுடன் இணைந்திருத்தல் வேண்டும்.

யார் பொறுப்பு?

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயை அணைக்கப் பல துறையினர் திரண்டனர். ஆட்களும் கருவிகளும் இருந்தும், ஒவ்வொரு துறையும் தனித்தனி ஆணையின்கீழ், தனித்தனிச் சொற்களைக் கொண்டு செயற்பட்டதால் குழப்பம் மிகுந்தது. அந்த அனுபவத்திலிருந்து உருவான ஆணைமுறையே இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதன் அடிப்படைகள் எளியவை.

• நிகழ்வுக்கு ஒரே தலைமை அலுவலர் இருப்பார். அவர் சிகிச்சை அளிப்பதில் ஈடுபடாமல், முழுமையையும் கவனித்து முடிவெடுப்பார்.
• அவரின்கீழ் செயற்பாடு, திட்டமிடல், தளவாடம் என மூன்று பிரிவுகள் இயங்கும். செய்தித் தொடர்பு, பிற துறைகளுடன் தொடர்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தனி அலுவலர்கள் துணைபுரிவர்.
• ஒவ்வொருவரும் ஒரே மேலலுவலரிடமிருந்து மட்டுமே ஆணை பெறுவர். ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் ஐந்து பேர் இருப்பது உகந்தது.
• பொறுப்புகள் ஆளின் பெயரால் அன்றிப் பணியின் பெயரால் ஒதுக்கப்படும். தலைமை மருத்துவர் விடுப்பில் இருந்தால், அவர் வரும்வரை பணி மருத்துவரே தலைமை அலுவலர் ஆவார்.

இறுதியாகக் கூறியதே நடைமுறையில் மிகவும் புறக்கணிக்கப்படுகிறது. விபத்துகள் இரவிலும் விடுமுறை நாளிலும் நிகழ்கின்றன. எனவே திட்டம், மிகக் குறைந்த ஆட்கள் உள்ள நேரத்திலும் செயற்படக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

காயமுற்றோரை வகைப்படுத்துதல்

வழக்கமான நாளில் ஒவ்வொரு நோயாளிக்கும் முழுக் கவனம் அளிக்கப்படுகிறது. பெருந்திரள் நிகழ்வில், இருக்கும் வசதியைக் கொண்டு இயன்ற அளவு அதிகமான உயிர்களைக் காப்பதே நோக்கம். இதற்காகக் காயமுற்றோர் டிரையேஜ் எனப்படும் முறையில் நான்கு வண்ணங்களாகப் பிரிக்கப்படுகின்றனர்.

• பச்சை: நடக்க இயன்றவர்கள், காத்திருக்கலாம்.
• மஞ்சள்: சிகிச்சை தேவை, எனினும் உடனடி ஆபத்து இல்லாதவர்கள்.
• சிவப்பு: உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோர்.
• கறுப்பு: மூச்சுப்பாதையைத் திறந்த பின்னரும் மூச்சு இல்லாதவர்கள்.

பெரியவர்களில் மூச்சு நிமிடத்திற்கு 30க்கு மேல் இருத்தல், மணிக்கட்டில் நாடித்துடிப்பு தென்படாமை, கையை மூடித் திறக்கச் சொல்லும் எளிய கட்டளையைக் கூடப் பின்பற்ற இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அவர் சிவப்பு வகையினர். ஒருவரைச் சோதிக்க ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகலாகாது. நிலை மாறக்கூடும் என்பதால் மறுபரிசோதனை அவசியம்.

மிக உரக்க அலறுபவர் எப்போதும் மிக ஆபத்தில் இருப்பவர் அல்லர். ஓசையின்றிக் கிடப்பவரைத் தேடிச் செல்லும் பழக்கம் பயிற்சியினால் மட்டுமே வரும்.

பயிற்சியின் படிநிலைகள்

1. இடர் மதிப்பீடு: அருகில் நெடுஞ்சாலை, ரசாயனத் தொழிற்சாலை, ஆறு, கடல் உள்ளனவா? கட்டடத்தில் எத்தனை வெளியேறும் வழிகள் உள்ளன? அவை பூட்டப்படாமல் இருக்கின்றனவா?

2. பணி அட்டை: ஒவ்வொரு பொறுப்பிற்கும் ஒரு பக்க அட்டை தயாரித்தல் வேண்டும். முதல் பத்து நிமிடங்களில் செய்ய வேண்டியவை வரிசையாக, தமிழில், பெரிய எழுத்தில் இருத்தல் நன்று.

3. மேசைப் பயிற்சி: பொறுப்பாளர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரு கற்பனை நிகழ்வை விவாதித்தல். 'இரவு இரண்டு மணி. பேருந்து கவிழ்ந்து முப்பது பேர் வருகின்றனர். மின்சாரம் இல்லை' என்று தொடங்கி, ஒவ்வொருவரும் தாம் செய்வதைக் கூறுவர். செலவில்லாத இப்பயிற்சி பல குறைகளை வெளிப்படுத்தும்.

4. பகுதி ஒத்திகை: தொலைபேசியில் பணியாளர்களை வரவழைத்தல், ஒரு வார்டைக் காலி செய்தல், மின்னாக்கியை இயக்குதல் போன்ற ஒரே செயலை மட்டும் செய்து பார்த்தல்.

5. முழு ஒத்திகை: காவல்துறை, தீயணைப்புத் துறை, 108 அவசர ஊர்தி, வருவாய்த் துறை ஆகியவற்றுடன் இணைந்து நடத்துதல். பொதுமக்கள் அச்சமுறாதவாறு முன்னறிவிப்பு செய்தல் வேண்டும்.

காவலாளி, தூய்மைப் பணியாளர், மருந்தாளுநர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரையும் பயிற்சியில் சேர்த்தல் இன்றியமையாதது. வாயிற்கதவைத் திறந்து ஊர்திகளுக்கு வழிவிடுபவர் காவலாளி. ஆக்சிஜன் கிடங்கின் சாவி எங்குள்ளது என்பதை அறிந்தவர் பெரும்பாலும் ஒரே பணியாளர். அவர் இல்லாத இரவில் அச்சாவி கிடைக்குமா என்பதே திட்டத்திற்கான உண்மையான சோதனை.

உறவினர்களுக்குத் தகவல் அளிக்கத் தனி இடமும் தனி அலுவலரும் ஒதுக்குதல் வேண்டும். தகவல் கிடைக்காதபோதுதான் சிகிச்சைப் பிரிவில் கூட்டம் திரள்கிறது.

ஒத்திகைக்குப் பின்

ஒத்திகை முடிந்த அன்றே அனைவரும் கூடி மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். எது திட்டப்படி நடந்தது? எது நடக்கவில்லை? அதனை யார், எந்த நாளுக்குள் சரிசெய்வார்? கடைநிலைப் பணியாளர் முதலில் பேசட்டும். மேலலுவலர் இறுதியில் பேசட்டும். தனிநபரைக் குறைகூறுதல் கூடாது. குறைகூறப்படுவோர் அடுத்த முறை தவறுகளை மறைப்பர்.

தவறேதும் இன்றி நடந்ததாக அறிக்கை எழுதப்படும் ஒத்திகையால் பயன் சிறிதே. ஒத்திகையில் கண்டறியப்படும் ஒவ்வொரு குறையும், உண்மை நிகழ்வில் ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பாகும். பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழு ஒத்திகையும் இடையிடையே சிறு பயிற்சிகளும் நடத்துதல் நலம்.

இன்றே செய்யக்கூடியவை

• வெளியேறும் வழிகளைச் சென்று பாருங்கள், தடைகளை அகற்றுங்கள்.
• தாங்கள் இல்லாதபோது பொறுப்பேற்பவர் யார் என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.
• அவசர எண்களை அனைவரும் காணுமாறு வையுங்கள்: அவசர ஊர்தி 108, ஒருங்கிணைந்த அவசர உதவி 112, தீயணைப்பு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.