இன்சுலின் பம்ப் பேட்டரி தீர்ந்துவிட்டால்...

இனிப்புநீர் நோயாளிகளில், குறிப்பாக முதல் வகையினரில் சிலர் இன்சுலின் பம்ப் அணிகின்றனர். அதில் உள்ளது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே. உடலில் 3 முதல் 5 மணி நேரமே வேலை செய்யும். பேட்டரி தீர்ந்து பம்ப் நின்றால், சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறி, கீட்டோன் என்ற அமிலமும் சேரும்.

2024-இல் அமெரிக்காவில், டேண்டம் நிறுவனப் பம்புடன் இணையும் ஐபோன் செயலியின் கோளாறு பேட்டரியை விரைவாகத் தீர்த்தது. 224 பாதிப்புகள் பதிவாயின.

உடனே செய்ய வேண்டியவை:

• பேட்டரியை மாற்றுங்கள். மின்னூட்டும் வகையானால் பவர் பேங்கில் இணையுங்கள். பிறகு பம்ப் காட்டும் தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். மணிக்கு மணி செல்லும் இன்சுலின் அளவு அதைப் பொறுத்ததே.

• பம்ப் இயங்காவிட்டால், மருத்துவர் முன்பே எழுதித் தந்த அளவில் இன்சுலின் பேனாவால் ஊசி போடுங்கள். நீண்ட நேர இன்சுலின் போட்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் பம்பை மீண்டும் தொடங்க வேண்டாம். சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம்.

• 2 மணி நேரத்திற்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதியுங்கள். 14 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோனையும் பாருங்கள்.

• வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் தாமதிக்காமல் பந்திங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள்.

நள்ளிரவில் தோட்டப்புறக் கடைகள் திறந்திருக்காது. மாற்றுப் பேட்டரி, இன்சுலின் பேனா, ஊசிமுனைகள், சோதனைக் கருவி ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். பம்பில் பதிந்துள்ள அளவுகளைத் தாளிலும் எழுதி அதில் வைத்து, பை இருக்கும் இடத்தை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.