பி53 மேல் விழுந்த பழி

1979-ல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும் தேடியது ஒரு வைரஸ் புரதத்தை. எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ், நல்ல செல்லைப் புற்றுச் செல்லாக மாற்ற அதைத்தான் பயன்படுத்துகிறது. அதைப் பிரித்தெடுத்தபோது இன்னொரு புரதமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அது வைரஸுடையது அல்ல, செல்லின் சொந்தச் சரக்கு. பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவினும் அதே ஆண்டு அதைக் கண்டார். ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்த எடை 53 ஆயிரம் டால்டன். பி53 என்ற பெயர் அப்படி வந்ததுதான். (நிஜ எடை 44 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜெல்லில் மெதுவாக நகர்ந்து ஏமாற்றியிருக்கிறது. பெயரை யாரும் திருத்தவில்லை.)

புற்றுச் செல்களில் இது மண்டிக் கிடந்தது. 1984-ல், இதன் மரபணுவை ராஸ் என்ற மரபணுவோடு சேர்த்துச் செலுத்தினால் செல்கள் தறிகெட்டு வளர்வதையும் பார்த்தார்கள். பிறகென்ன, புற்றை உண்டாக்கும் மரபணு என்று முத்திரை குத்தியாயிற்று.

கோளாறு, ஆய்வகங்கள் கையாண்ட பிரதிகளில் இருந்தது. அவற்றில் பல ஏற்கெனவே பழுதானவை. பழுதில்லாத பிரதியை 1989-ல் லெவின் குழு செலுத்தியபோது வளர்ச்சி அடங்கியது. அதே ஆண்டு பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தது. ஒரு 17-வது குரோமோசோமில் பி53 இருக்கும் பகுதியே காணவில்லை. மற்றதில் இருந்த பி53 பழுது. புற்று வர, அதைத் தடுக்கும் காவல் மரபணுவின் இரு பிரதிகளும் போக வேண்டும் என்று குழந்தைகளின் கண் புற்றை வைத்து ஆல்ஃபிரட் நட்சன் 1971-லேயே போட்ட கணக்கு இங்கும் சரியாக வந்தது.

டிஎன்ஏ அடிபட்டால் செல் பிரிவதை நிறுத்துவது, தேறாத செல்லைச் சாகடிப்பது: இதுதான் பி53-ன் வேலை. புகையிலை நாள்தோறும் படும் வாயில் அந்த வேலைக்கு ஓய்வே இல்லை. ஆனால் வாய்ப் புற்றும் அடங்கும் தலை, கழுத்துப் புற்றில் முதலில் விழுவது பெரும்பாலும் இது அல்ல என்று 1996-ல் டேவிட் சிட்ரான்ஸ்கி குழு காட்டியது. 9-வது குரோமோசோமில் பி16 என்ற காவல் மரபணு இருக்கும் பகுதி முன்னதாகவே போய்விடுகிறது, அதுவும் சவ்வு இன்னும் புற்றாகாத நிலையிலேயே.

இதே குழு 1995-ல் செய்த இன்னொரு ஆய்வுதான் அறுவை மருத்துவர்களைத் தொட்டது. கட்டியை வெட்டியெடுத்த பின், ஓரத்துச் சதை சுத்தம் என்று நுண்ணோக்கி சொன்ன 25 பேர். அவர்களில் 13 பேரின் ஓரத்தில் பழுதான பி53 செல்கள் இருந்தன. அந்த 13 பேரில் ஐவருக்கு அதே இடத்தில் புற்று திரும்பியது. மற்ற 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை.