மலைக்கு அந்தப் பக்கம் பாடப்போன பையன்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா உத்தமபாளையம் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்தால் ஒரு காட்சி கட்டாயம் கண்ணில் படும். தலையில் துண்டு கட்டிய பெண்கள், கையில் தூக்குச்சட்டி, ரோட்டோரம் ஜீப்புக்காக நிற்பாங்க. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கம்பெனிக்காரன் போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது. கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருவாங்க. எங்க அம்மாச்சியும் அப்படிப் போனவங்கதான். ஜீப்பில் பாட்டு ஓடும். பெரும்பாலும் ராஜா பாட்டு.

வேறு வேறு பண்பாட்டு இசைக்கலைஞர்கள் சேர்ந்து வாசிப்பது பற்றி ஒரு எபிசோட் பண்ணச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதலில் ரவிசங்கர்–மெனுயின், அப்புறம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த சக்தி குழு என்றுதான் ஸ்க்ரிப்ட் எழுதினேன். அந்த ஜீப்பைப் பார்த்த பிறகு அதை அழித்துவிட்டேன். இந்தக் கதை தொடங்குவது நம்ம மலையில். வருஷம் 1958.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். நம்ம பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான். ஒரே கோட்டில் அது வேறு மாநிலம் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. மொத்தம் 126 இடங்களில் கட்சிக்கு 60, கூட நின்ற சுயேச்சைகள் 5. மயிரிழைப் பெரும்பான்மை. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது.

வேட்பாளர் மலையாளி. ஓட்டுப் போட வேண்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். மேடையில் பேசினால் யார் உட்கார்ந்து கேட்பது? அதனால் கட்சி பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பாட்டுக்காரரை இறக்கியது. பாவலர் வரதராஜன். அவரோடு போன தம்பிகளில் ஒருவன் ராசய்யா. பதினாலு, பதினஞ்சு வயசு. குரல் இன்னும் உடையாததால் பெண்குரல் பாட்டெல்லாம் அவன் தலையில். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் இளையராஜா.

நான் யோசித்துக்கொண்டே இருப்பது இதைத்தான். அந்த மேடையில் ஏற்கெனவே எத்தனை பண்பாடு! தமிழ் நாட்டுப்புற மெட்டு, அதில் உட்கார வைத்த அரசியல் வரி, மலையாளி வேட்பாளர், ஐரோப்பாவில் பிறந்த கட்சிக் கொள்கை. நடுவில் ஒரு ஆர்மோனியம்.

இந்த ஆர்மோனியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகணும். அது 1840-களில் பாரிஸில் உருவான பெட்டி. காலால் மிதித்து வாசிப்பது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் காற்றடித்து வாசிக்கிற மாதிரி மாற்றினார். அங்கிருந்து அது சங்கரதாஸ் சுவாமிகள் நாடகம் வரைக்கும் பரவியது. மதுரைப் பக்கம் பெட்டிக்காரர் இல்லாமல் நாடகமே கிடையாது. ஆனால் 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1970-கள் வரைக்கும் அந்தத் தடை நீடித்தது. காரணம் நியாயமானதுதான். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம். நம்ம சங்கீதத்தில் சுரம் ஒரு புள்ளியில் நிற்காது, அசையும். அதுதான் கமகம். ஆர்மோனியத்துக்குக் கமகம் வராது.

பெரிய இடங்களில் வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பெட்டியில்தான் பண்ணைப்புரத்துப் பையன் விரல் பழகினான். அதுவும் அண்ணன் இல்லாத நேரத்தில். அண்ணன் பார்த்தால் அடிதான் என்று அவரே மேடைகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். என் கணிப்பு ஒன்று, தப்பாகவும் இருக்கலாம்: நிலையான சுரம் கொண்ட ஒரு வாத்தியத்தில் கை பழகியவருக்கு மேற்கத்திய ஹார்மனி அவ்வளவு அந்நியமாகத் தெரிந்திருக்காது. குறைன்னு சொன்னதே அவருக்குக் கதவாகியிருக்கிறது.

பத்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் பாடிவிட்டு 1960-களின் கடைசியில் தம்பிகள் மெட்ராஸ் வந்தார்கள். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். ராசய்யாவை ராஜா என்று கூப்பிட்டது அவர்தான். அவரிடம் கற்றதில் முக்கியமானது பியானோவோ கிதாரோ இல்லை என்பது என் கருத்து. எழுதுவது. ஐந்து கோடு போட்டு, இசையைக் காகிதத்தில் வைப்பது.

நான் சாஃப்ட்வேர் ஆள், அதனால் இப்படித்தான் எனக்குப் புரிகிறது. ரெண்டு சிஸ்டம் பேசிக்கொள்ள பொதுவான ப்ரோட்டோகால் வேணும். ஒருத்தர் உள்ளே எப்படி வேலை செய்கிறார் என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தேவிகுளத்தில் அந்தப் பொது ஏற்பாடு, காது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, அவ்வளவுதான். மெட்ராஸ் ரெக்கார்டிங் தியேட்டரில் அது காகிதம்.

காகிதத்துக்கு முன்னாடி இன்னொரு ஆள். சலில் சௌத்ரி. ராஜா படங்களுக்கு இசையமைக்கும் முன் ஜி.கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக இருந்தார், சலிலின் குழுவில் கிதார் வாசித்தார். சலில் வங்காளி. அப்பா அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். வீட்டில் மொஸார்ட், பீத்தோவன் இசைத்தட்டுகள், வெளியே தோட்டத் தொழிலாளர்களின் பாட்டு. இளைஞராக இருந்தபோது இப்டா என்கிற இடதுசாரி மக்கள் கலை இயக்கத்துக்குப் பாட்டு எழுதினார். பிறகு 1965-ல் மலையாளத்தில் செம்மீன். இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்காரர், இன்னொருத்தர் தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தில் பாடியவர். ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட் மேடையில் பழகியவர்கள். இருவருக்கும் பொதுவான தாய்மொழி கிடையாது. மெட்ராஸ் ஸ்டுடியோவில் ஒருத்தர் எழுதிய நோட்ஸை மற்றவர் கிதாரில் வாசிக்கிறார். இதை எந்தக் கலாசாரப் பரிமாற்ற விழாவும் ஏற்பாடு செய்யவில்லை. ரெண்டு தோட்டத்து வாழ்க்கையும், தென்னிந்திய சினிமாவின் சம்பளமும் சேர்ந்து செய்தது.

1976-ல் அன்னக்கிளி. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீளமாகச் சொல்லப் போறதில்லை. அந்த ஹாலுக்குள் மட்டும் ஒரு தடவை போயிட்டு வரலாம்.

காலையில் ராஜா உட்கார்ந்து எழுதுவார். கையில் வாத்தியம் இருக்காது, பேனா மட்டும். உதவியாளர்கள் ஒவ்வொருவருக்கும் உரிய பகுதியைப் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். வயலின் வரிசை ஐந்து கோட்டைப் படிக்கும். புல்லாங்குழல்காரரோ நாதஸ்வரக்காரரோ சரிகமவில் குறித்துக்கொள்வார். தபலா, தவில், மிருதங்கம் எல்லாம் சொற்கட்டு. டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மானுவேல், பேஸ் கிதாரில் சசிதரன், வயலினில் வி.எஸ். நரசிம்மன், குழலில் நெப்போலியன். (அருண்மொழி என்ற பெயரில் பாடுவாரே, அவரேதான்.) தமிழ், தெலுங்கு, மலையாளம், கொஞ்சம் ஆங்கிலம். கோயில் மரபில் வந்தவர், சர்ச் கொயரில் வளர்ந்தவர், ஹோட்டல் பேண்டில் ஜாஸ் வாசித்தவர். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்கணும். ஒருத்தர் தப்பினால் அத்தனை பேரும் முதலில் இருந்து. நான் ஒரு முறை ப்ரொடக்‌ஷனில் கோடு உடைத்து, பத்துப் பேரை ராத்திரி எழுப்பியிருக்கிறேன். அந்த பயம் எனக்குப் புரியும்.

சரி, இசைக்குள் எப்படிச் சேர்ந்தது? வழக்கமான ஃப்யூஷன் கச்சேரியில் நீ கொஞ்சம் வாசி, நான் கொஞ்சம் வாசிக்கிறேன், கடைசியில் சேர்ந்து வேகமாக வாசித்துக் கைதட்டு வாங்குவோம் என்று போகும். மரியாதையான விருந்தாளித்தனம். கமகத்தோடு அசைகிற மெட்டுக்குக் கீழே அசையாத கார்டை அப்படியே வைத்தால் இரண்டும் முட்டும். ராஜா நிறைய இடங்களில் கார்டைக் கட்டியாக வைப்பதில்லை. பேஸ் கிதார் தனக்கென ஒரு மெட்டில் நடக்கும், வயலின்கள் இன்னொன்றில். மேலே பாடகர் கமகத்தோடு போவார். யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிற்பதில்லை. 1991-ல் வந்த தளபதியின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ கேளுங்க. குத்துத் தாளம், நடுவே பெரிய வயலின் படை, அப்புறம் பெண்கள் குரலில் அப்பர் தேவாரம். ஏழாம் நூற்றாண்டுப் பதிகம், ஐரோப்பிய வாத்தியக் கூட்டம், ஊர்த்திருவிழா, எல்லாம் ஒரே பாட்டில். எங்க வீட்டுக் கல்யாணத்தில் அதுக்கு ஆடாத ஆள் கிடையாது.

இதையே சினிமா இல்லாமல் செய்த ஆல்பம் 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. பாக் இறந்தது 1750, தியாகராஜர் பிறந்தது 1767. சந்தித்திருக்கவே முடியாது. ஒரு பாட்டின் தலைப்பே ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்கிற அர்த்தத்தில் இருக்கும். அதில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி வரும். நரசிம்மனின் வில் அதோடு பேசும். இரண்டு வருஷம் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் பான்சுரியோடு ‘நத்திங் பட் விண்ட்’. எனக்கு முதல் ஆல்பம்தான் ஒசத்தி. இரண்டாவதில் அழகு அதிகம், சண்டை குறைவு.

இப்போ எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வரேன். எல்லாமே காகிதத்தில் எழுதியிருந்தால், வாசிப்பவருக்குச் சொந்தமாகச் சொல்ல என்ன மிச்சம்? சக்தி குழுவில் விக்கு விநாயக்ராம் அன்றைக்கு என்ன தோணுதோ வாசிக்கலாம். இங்கே முடியாது. காது வழிக் குழுவில் சுதந்திரம் இருக்கு, பெயரும் இருக்கு. ஆனால் அறுபது பேர் சேர முடியாது. காகித வழியில் அறுபது பேர் சேரலாம். பெயர் போய்விடும். ‘இளைய நிலா’வின் கிதார் உங்களுக்கு மனப்பாடம். வாசித்தவர்? சந்திரசேகர், மேலே சொன்ன டிரம்மர் புருஷோத்தமனின் சகோதரர். கேசட் அட்டையில் அந்தப் பெயரைத் தேடினேன், கிடைக்கலை. இசையமைப்பாளர், பாடகர், கவிஞர், இவ்வளவுதான் அட்டை.

அந்தக் கூட்டம் கலைந்ததில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. 1986-ல் புன்னகை மன்னனில் கம்ப்யூட்டர் இசை என்று விளம்பரமே வந்தது. சீக்வென்சரும் சாம்ப்ளரும் வந்த பிறகு நாற்பது வயலின் தேவையில்லை, ஒரு கட்டை போதும். நானே இந்த எபிசோடின் தீம் மியூசிக்கை லேப்டாப்பில்தான் செய்தேன். வயலின் மாதிரி கேட்குதே, அது வயலின் இல்லை.

ராஜா மட்டும் காகிதத்தை விடவில்லை. 1993-ல் லண்டன் போய் ராயல் ஃபில்ஹார்மோனிக்கோடு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவே இல்லை. 2005-ல் திருவாசகம். மாணிக்கவாசகரின் தமிழுக்கு ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. ஆங்கில வரிகள் பிராட்வேயின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். அந்த ஹங்கேரியக் கலைஞர்களுக்கு ஒரு சொல் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நோட்ஸ் தெரியுமே. பிறகு 2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கம். ‘வேலியன்ட்’ சிம்பொனி. மிக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் வாசித்தார்கள். எழுதியவருக்கு வயசு 81. நான் பெங்களூரில் ராத்திரி ஃபோனில் துண்டு துண்டாக வந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆர்மோனியம் இல்லை, தவில் இல்லை. அது முழுக்க மேற்கத்திய வடிவம். சில நண்பர்கள், ‘இதுல நம்ம மண் எங்கடா?’ என்று கேட்டார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் தேவிகுளம் ஞாபகம் வந்தது. அங்கேயும் அடுத்தவர் ஊரில் போய், அடுத்தவர் தேர்தலுக்குத்தான் பாடினார்.

ஒரு வேண்டுகோள். 70-களில், 80-களில் கோடம்பாக்கம் தியேட்டர்களில் வாசித்தவங்க யாராவது உங்க வீட்டிலோ தெருவிலோ இருந்தால் போய்ப் பேசுங்க. எந்தப் பாட்டு, எந்த வாத்தியம், நோட்ஸ் எந்த எழுத்தில் குறிச்சாங்க என்று கேளுங்க. அவங்க சம்மதிச்சா ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்தக் குரல்களைப் போடறேன்.