சுஜாதா நாவல்கள்: வாவிக்கரை வாசகர்களுக்குப் பிடித்தவையும் பிடிக்காதவையும்

மட்டக்களப்பில் நாலு வாசகர்கள் கூடினால் சுஜாதாவைப் பற்றிய பேச்சு எப்படியோ வந்துவிடும். எது சிறந்த நாவல், எதைப் பாதியில் மூடி வைத்தோம் என்று தொடங்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் எங்கள் சொந்தக் கதைக்குள் போய் நிற்கும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நான் பல வருடங்களாகக் கேட்டு வரும் இந்த ஒப்பீட்டை, புதிதாக வாசிக்க வருவோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே தொகுக்கிறேன்.

ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட சுஜாதா 1935 மே 3 இல் பிறந்தவர், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணியாற்றி, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தார். 1968 இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ அவருடைய முதல் நாவல். சட்டத்தரணி கணேஷ் அதில்தான் அறிமுகமானார். உதவியாளர் வஸந்த் பிற்பாடு வந்து சேர்ந்தார். 2008 பெப்ரவரி 27 இல் சுஜாதா காலமானார்.

அவரது நாவல்களில் பெரும்பாலானவை வாரப் பத்திரிகைத் தொடர்கள். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை ஆளைக் காக்க வைக்கும்படி முடியும். அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணிய புத்தகங்களே எங்கள் வீடுகளில் இருந்தன. இடம்பெயர்ந்தபோது பல தொலைந்தன. மிஞ்சியவற்றில் முன்பக்கமோ கடைசி வாரமோ இருக்காது.

முடிவு இல்லாமலே பலர் ரசித்த நாவல் ‘கொலையுதிர் காலம்’. 1980களின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்தது. நடப்பது பேயின் வேலையா, லேசர் ஒளியில் உருவாக்கிய ஹொலோகிராம் வேலையா என்று கணேஷும் வஸந்தும் மோதிக்கொள்வார்கள். கதை முடிந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. இளம் வாசகர்களின் முதல் தெரிவு பெரும்பாலும் இதுதான். மூத்தவர்கள் அவ்வளவு உருகுவதில்லை. இரவில் நாய் குரைத்தால் வாசலில் நிற்பது யார் என்று பயந்து வாழ்ந்தவர்களுக்குப் பேய்க்கதை பெரிதாகத் தெரியாது.

அதிகம் பேரின் விருப்பமாக நான் கேட்டது ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் வந்தது. 2020களின் தொடக்கத்தை எதிர்காலமாகக் கற்பனை செய்தது. ஜீவா என்ற ஆட்சியாளரின் கீழ், பெயர் வைப்பது முதல் பிள்ளை பெறுவது, எவ்வளவு காலம் உயிரோடு இருப்பது வரை எல்லாவற்றுக்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். ரவியும், ஜீனோ என்ற இயந்திர நாயும் அவளுக்குத் துணை வருகின்றனர்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த நாவலில் ஜீனோவைக் கொண்டாடுவார்கள். புத்தகம் வாசித்து, நகைச்சுவையாகப் பேசி, மனிதரை விடப் புத்திசாலியாகும் நாய் அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பேசுவதோ நிலாவைப் பற்றி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி 158 பேர் கொண்டுசெல்லப்பட்ட மாவட்டம் இது. கணவனைத் தேடி அதிகாரத்தின் வாசலுக்குப் போகும் பெண் இங்கே விஞ்ஞானக் கற்பனை இல்லை.

இதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வில் கருத்து பிளவுபடும். நிலா அரசியாக்கப்படுகிறாள், அவளை ஆட்டுவிப்பவர்கள் வேறு. முதல் பாகத்தின் வேகம் இதில் இல்லை என்பது ஒரு தரப்பு. ஆள் மாறினாலும் அதிகாரத்தின் குணம் மாறாது என்பதால் இதுவே உண்மையான பாகம் என்பது மறு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு.

கணினி மனிதரை அடக்கி ஆளும் தீவைச் சொல்லும் ‘சொர்க்கத் தீவு’ 1970களிலேயே இதை எழுதியது என்பதற்காக மதிக்கப்படுகிறது. ஆனால் அதில் வருபவர்கள் மனதில் தங்குவதில்லை என்ற குறை உண்டு.

பிடிக்காதவற்றில் முதலில் வருபவை சில கணேஷ்–வஸந்த் கதைகள். பெண்களைப் பார்த்து வஸந்த் அடிக்கும் பகிடிகள் பெண் வாசகர்களுக்கு அன்றும் சலிப்பு, இன்றும் சலிப்பு. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. துப்பறியும் கதையில் சடலம் ஒரு தடயம். யார் கொன்றது என்று தெரிந்ததும் செத்தவரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எங்களுக்கு நடந்தது தலைகீழ்: செத்தவரை மறக்கவில்லை, கொன்றவர் யார் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. அதனால் வேகமான கதைகள் சிலவற்றை எங்களால் வேகமாக வாசிக்க முடிவதில்லை. 1971 இந்திய–பாகிஸ்தான் போரை வைத்து எழுதிய ‘14 நாட்கள்’ பற்றியும் இதே மனக்குறை. போர் அங்கே விமானப்படை அதிகாரி ஒருவரின் கதை. கீழே வீட்டில் இருந்தவர்களின் கதையை நாங்கள் தேடுகிறோம்.

நாவல் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சேர்க்காமல் விட முடியாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதைத் தொட்டு சுஜாதா எழுதிய சிறுகதை ‘ஒரு லட்சம் புத்தகங்கள்’. தமிழ் விழாவொன்றுக்கு வரும் இலங்கை அறிஞர் அந்த எரிப்பைப் பற்றி மேடையில் பேசுவாரா என்பதே கதையின் முடிச்சு. கொலையோ ரோபோவோ இல்லாமல் பதற வைக்கும் கதை.

புதிதாகத் தொடங்குவோர் ‘கொலையுதிர் காலம்’, ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ என்ற வரிசையில் வாசிக்கலாம். இடையில் அந்தச் சிறுகதையையும் வாசியுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர்களிடம், அவர்களுக்குப் பிடிக்காதது எது, ஏன் என்று கேளுங்கள். பிடித்ததற்கு எல்லோரும் ஒரே மாதிரிக் காரணம்தான் சொல்வார்கள். பிடிக்காததற்குச் சொல்லும் காரணத்தில் அவர்கள் இதுவரை சொல்லாத ஏதோ ஒன்று இருக்கும்.