சிசிலிக் கரையில் கல்லும் சொல்லும்

மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு சிசிலி. அதன் பரப்பு ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர். இத்தாலியிலிருந்து அதைப் பிரிக்கும் மெஸ்ஸினா நீரிணை, குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர் அகலமே உடையது. மறுபுறம் ஆப்பிரிக்காவின் தூனிசியக் கரையும் ஓர் இரவுப் பாய்க்கப்பல் பயணத்தில் எட்டக்கூடியதே. இப்படி இரு கண்டங்களுக்கு நடுவே கிடக்கும் தீவு தனித்திருக்க இயலுமோ? கிரேக்கர், கார்த்தேஜியர், உரோமர், பைசாந்தியர், அரபியர், நார்மன்கள், ஸ்பானியர் என வந்தவர் பலர். வந்தவர்கள் முன்னவர் கட்டியதை என்ன செய்தனர்? முன்னவரையே என்ன செய்தனர்? இவ்விரு வினாக்களுக்கும் அத்தீவின் கரையோர நகரங்கள் தரும் விடைகள் ஒன்றல்ல.

தென்கிழக்குக் கரையிலுள்ள சைரக்யூஸிலிருந்து தொடங்கலாம். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தார் கி. மு. 734 அளவில் இங்குக் குடியேறினர் என்பது மரபு. பழைய நகரம் ஓர்ட்டிஜியா என்னும் சிறு தீவில் இருக்கிறது. அதன் கரையிலேயே, உப்புக் கடலுக்குச் சில அடி தூரத்தில், அரெத்தூசா என்னும் நன்னீர் ஊற்று சுரக்கிறது. அதில் பாப்பிரஸ் கோரை வளர்கிறது. சற்று மேலே ஏறினால் பேராலயம். முகப்பு, 1693 ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த பதினெட்டாம் நூற்றாண்டு வேலைப்பாடு. ஆனால் பக்கத்துச் சந்தில் நின்று பார்ப்பவருக்கு, சுவருக்குள் பாதி புதைந்த பருத்த கிரேக்கத் தூண்கள் வரிசையாகத் தென்படும். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதீனா தேவிக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள் அவை. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அக்கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு இடையே சுவர் வைத்து அடைத்து, அதையே தேவாலயமாக்கிக்கொண்டனர். இருபத்தைந்து நூற்றாண்டுகளாக ஒரே இடத்தில் வழிபாடு நிகழ்ந்து வருகிறது. தெய்வம் மட்டும் மாறியது.

கல்லுக்குக் கிடைத்த இந்த இரக்கம் மனிதருக்குக் கிடைத்ததா? அதே நகரின் கல்வெட்டாங்குழிகளைப் பார்த்தால் விளங்கும். கி. மு. 415 இல் ஏதென்ஸ் நகரத்தார் சைரக்யூஸைப் பிடிக்கப் பெரும் படையனுப்பினர். இரண்டாண்டில் அப்படை அழிந்தது. சிறைப்பட்டோர் ஏழாயிரத்துக்குக் குறையார் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே, பகலில் வெயிலும் இரவில் குளிரும் வாட்ட, பிணங்களுக்கிடையே அவர்கள் அடைந்து கிடந்தனர். நாளொன்றுக்கு ஆளுக்குக் கால் லிட்டர் அளவு நீர், அதைப்போல் இருமடங்கு தானியம். எட்டு மாதம் இதுவே படி. யூரிப்பிடீஸின் நாடக வரிகளை ஒப்பிக்கத் தெரிந்த சிலர் விடுதலை பெற்றனர் என்று புளூட்டார்க் கூறுகிறார். துசிடிடீஸோ அக்காலத்தவர், அவர் இதைச் சொல்லவில்லை. கதையாயினும் நல்ல கதை. இன்று அக்குழிகளில் எலுமிச்சையும் ஆரஞ்சும் தழைத்து நிற்கின்றன.

வடக்கே செல்லச் செல்ல, 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த எட்னா எரிமலை கண்ணைவிட்டு அகலாது. 1669 இல் அதன் கற்குழம்பு கத்தானியா நகரின் கோட்டையைச் சுற்றி ஓடிக் கடலில் விழுந்தது. அலை மோதிய கோட்டை அன்று முதல் நகரத்துக்குள் நிற்கிறது. தவோர்மினாவின் பழைய நாடக அரங்கில் அமர்ந்தால் மலையும் கடலும் ஒருங்கே தெரியும். கிரேக்கர் அமைத்த அரங்கை உரோமர் செங்கல்லால் புதுக்கினர். மெஸ்ஸினாவில் பழைமை குறைவு: 1908 டிசம்பர் 28 இல் நேர்ந்த நிலநடுக்கமும் கடல் கொந்தளிப்பும் அந்நகரைத் தரைமட்டமாக்கின.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் வடகரை. கி. பி. 827 இல் அரபியர் சிசிலியில் இறங்கினர். 831 இல் பலெர்மோவையும், 878 இல் சைரக்யூஸையும் கைப்பற்றினர். நீர்ப்பாசனமும் கரும்பும் எலுமிச்சையும் அவர்களால் பெருகின. 1072 இல் பலெர்மோ நார்மன்களுக்கு வீழ்ந்தது. அவர் வழிவந்த இரண்டாம் ரோஜர் 1130 இல் முடிசூடினான். மறு ஆண்டு அவன் செஃபலூவில் எழுப்பத் தொடங்கிய ஆலயம், பெரும் பாறையடியில் மீனவர் வீடுகளுக்கு மேல் ஓங்கி நிற்கிறது. அதன் பொன்மணிச் சித்திரத்தில் இயேசு ஏந்திய நூல் ஒரு பக்கம் கிரேக்கத்திலும் மறு பக்கம் இலத்தீனிலும் விரிந்திருக்கிறது. அது நிறைவுற்ற ஆண்டு 1148.

அதே ஆண்டில் பலெர்மோவில் ஆன்னா என்னும் மூதாட்டி இறந்தார். அவர் மகன் கிரிசாந்துஸ் அரசனின் குருமார்களுள் ஒருவர். 1149 இல் தாயின் உடலைத் தாம் கட்டிய சிற்றாலயத்துக்கு மாற்றி, கல்லறைக் கல் ஒன்று வைத்தார். அதில் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகள், எழுத்துகளோ நான்கு. ஏனெனில் யூதர் படிக்கும்பொருட்டு அரபு மொழி எபிரேய எழுத்திலும் பொறிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் அவ்வச் சமூகத்தின் ஆண்டுக் கணக்கையே தருகிறது. அரசாணை காட்டாத ஒன்றை இச்சிறு கல் காட்டுகிறது. தன் தாய் மறைந்ததை ஊரார் அனைவரும் அவரவர் எழுத்தில் அறிய வேண்டும் என ஒரு மகன் எண்ணினான். அப்படி எண்ணத்தக்க ஊராக அன்று பலெர்மோ இருந்தது.

ரோஜரின் அரண்மனைச் சிற்றாலயத்தில் கிரேக்கப் பாணிச் சித்திரங்களுக்கு மேல் அரபு எழுத்துப் பொறித்த மரக்கூரை கவிந்திருக்கிறது. அவனுக்காக அல் இத்ரீசி தொகுத்த உலகப் புவியியல் நூல் 1154 ஜனவரியில் முடிந்தது. அடுத்த மாதம் அரசன் மாண்டான். இதைப் பொற்காலம் என்று மட்டும் கூறி அமைவது சரித்திரமாகாது. அரபியர் கணக்கும் கைத்திறனும் அரசனுக்குத் தேவைப்பட்டன. அவன் காப்பு இருந்தவரை அவர்கள் வாழ்ந்தனர். 1161 இலேயே பலெர்மோவில் முஸ்லிம்கள் கலகக்காரரால் கொல்லப்பட்டனர். 1189 இல் ரோஜரின் பேரன் இறந்தபின் எஞ்சியோர் மலைகளில் ஒதுங்கினர். 1220களிலிருந்து, ரோஜரின் மகள் வயிற்றுப் பேரனான பேரரசன் இரண்டாம் பிரெடரிக் அவர்களைத் தென் இத்தாலியிலுள்ள லுசேராவுக்குக் கூட்டங்கூட்டமாக நாடு கடத்தினான். 1300 இல் லுசேராவும் அழிக்கப்பட்டது. அங்கிருந்தோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். யூதரை வெளியேற்றும் ஆணை 1492 இல் பிறந்தது. நான்கு எழுத்துக் கல்லில் இரண்டு எழுத்துகளைப் படிக்க ஊரில் ஆளில்லை.

கல் மட்டும் நின்றது. பலெர்மோ பேராலயத்தின் தெற்கு வாயிலில், குர்ஆன் வசனம் பொறித்த தூண் ஒன்று இன்றும் கூரையைத் தாங்குகிறது. சொல்லும் சில நின்றன. சிசிலி உழவன் தன் நீர்த்தொட்டியை இன்றும் 'ஜெப்பியா' என்கிறான். அது அரபுச் சொல். எட்னாவுக்கு 'மொஞ்சிபெல்லோ' என்றும் பெயர். இலத்தீன் வழிச் சொல்லில் மலை. 'ஜபல்' என்னும் அரபுச் சொல்லிலும் மலை. மலை மலை என்று இரு மொழிகளில் அழைக்கப்பட்டு, அது புகைந்துகொண்டே நிற்கிறது.