ஒரே கூரையின் கீழ் உலகம்

லண்டன் செல்பவர்கள் தவறாமல் பார்க்கும் இடங்களில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. எகிப்து, கிரேக்கம், ஆப்பிரிக்கா, இந்தியா என்று ஒரே நாளில் உலகை நடந்தே சுற்றி வரலாம். ஆனால் இத்தனை நாட்டுப் பொருட்களும் அங்கே எப்படி வந்தன?

தொடக்கம் ஒரு மருத்துவரின் சேகரிப்பு. ஹான்ஸ் ஸ்லோன் 1753ல் இறந்தபோது விட்டுச் சென்ற 71,000க்கும் மேற்பட்ட பொருட்களை, அவரது வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்து நாடாளுமன்றம் பெற்றுக்கொண்டது. 1759 ஜனவரி 15 அன்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஸ்லோன் குடும்பத்தின் செல்வத்தில் ஒரு பகுதி ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கூட்டம் அதிகம் மொய்ப்பது ரொசெட்டா கல்லைச் சுற்றித்தான். கி.மு. 196ல் வெளியான ஒரே அறிவிப்பு அதில் மூன்று வகை எழுத்துகளில் உள்ளது. 1799ல் எகிப்தில் அதைக் கண்டெடுத்தவர்கள் பிரெஞ்சுப் படையினர். 1801ல் அவர்கள் தோற்றதும் கல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இதை வைத்துத்தான் 1822ல் ஷாம்போலியோன் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்தார்.

அடுத்து பார்த்தினான் சிற்பங்கள். ஏதென்ஸ் கோயிலிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்து வந்தவற்றை 1816ல் 35,000 பவுண்டுக்கு அரசு வாங்கியது. கிரேக்கம் இன்றும் அவற்றைத் திருப்பிக் கேட்கிறது. 2009ல் ஏதென்ஸில் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், லண்டனில் உள்ள சிற்பங்களின் இடத்தில் சுண்ண அச்சுப் பிரதிகள் நிற்கின்றன.

பெனின் வெண்கலச் சிற்பங்களின் கதை இன்னும் கொடுமையானது. 1897ல் ஆங்கிலேயப் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரைத் தாக்கி, அரண்மனையைச் சூறையாடி எடுத்தவை அவை. தன்னிடம் இருந்த சிலவற்றை 2022ல் ஜெர்மனி நைஜீரியாவிடம் ஒப்படைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமோ பொருட்களை நிரந்தரமாகக் கொடுத்துவிட 1963ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் இடம் தருவதில்லை.

நமக்கும் இதில் தொடர்பு உண்டு. ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியை 1845ல் வால்டர் எலியட் தோண்டினார். சிற்பங்கள் சென்னைக்கு வந்தன. 1859ல் பல லண்டனுக்குக் கப்பலேறின. அதே தூபியின் வேறு பல சிற்பங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பல நாகரிகங்களை அருகருகே பார்ப்பதால் அறிவு வளரும் என்பது உண்மைதான். ஆனால் தன் பாட்டன் செதுக்கியதைப் பார்க்க ஒருவன் விசா வாங்கிப் போக வேண்டியிருப்பது நியாயமா? எழும்பூருக்கு விசா தேவையில்லை. சென்னையில் இருப்பவர்கள் முதலில் அங்கே போய் வரலாம்.